கட்டிலுக்கு அடியில் போன சிவப்பு வயர்

என் கணவர் அந்த வேனைக் காங்கேயத்திலிருந்து ஓட்டிவந்து ராயபுரத்தில் எங்கள் வாசலில் நிறுத்திய அன்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இருபது வருடம் ஓடிய வண்டி. வெளியே பெயிண்ட் வெளிறியிருந்தாலும் உள்ளே யாரோ ஆசையாகச் செய்திருந்தார்கள். பக்கவாட்டில் ஒரு கட்டில், கை கழுவ ஒரு தொட்டி, துணி வைக்க அலமாரி, கூரையில் இரண்டு விசிறி, வரிசையாகச் சின்னச் சின்ன விளக்குகள். ஊர் ஊராகப் போய் வண்டியிலேயே தங்குகிறவர்களுக்கான வண்டி அது.

எங்களுக்கு ஊர் சுற்றும் ஆசையெல்லாம் இல்லை. எங்கள் மகளுக்காகத்தான் வாங்கினோம். அவளுக்கு இருபத்தொரு வயது. பிறந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே அசைவு கிடையாது. முதுகும் வளைந்திருப்பதால் அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது, படுத்தே இருக்க வேண்டும். கைகள் மட்டும் நல்ல பலம். ஒருக்களித்துப் படுத்துக்கொண்டே பனியன்களில் தொங்கும் நூல் பிசிறை வெட்டித் தருவாள். நான் வேலை பார்க்கும் கம்பெனியிலிருந்தே பண்டல் பண்டலாக வீட்டுக்கு எடுத்துவருவேன். நான் அங்கே செக்கிங்கில், தைத்த துணியில் குறை பார்க்கும் வேலையில் இருக்கிறேன். என் கணவர் துணி ரோல்களைச் சாயப்பட்டறைக்கும் நிட்டிங் கம்பெனிக்கும் ஏற்றிப்போகும் வண்டியின் டிரைவர்.

எங்களுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். இந்தப் பனியன் ஊருக்குப் பிழைக்க வந்து இருபத்து மூன்று வருடமாகிறது. மகள் சின்னவளாக இருந்தபோது மடியில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போய்விடுவோம். அவள் வளர வளர அது முடியாமல் போனது. கடைசி ஆறு வருடமாகக் கிறிஸ்துமஸுக்கு நான் மட்டுமோ அவர் மட்டுமோ போய்வந்தோம். இந்த வண்டி வந்ததும் இந்த வருடம் மூன்று பேரும் போகலாம் என்று பேசிக்கொண்டோம்.

பழகிப் பார்ப்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை அமராவதி அணைக்குப் போய்வந்தோம். அன்றுதான் ஆரம்பித்தது. திரும்பி வரும் வழியில், தாராபுரம் தாண்டியதும், படுத்திருந்த மகள் என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, எனக்குக் கீழ என்னமோ சத்தம் கேக்குது. டிக், டிக்னு."

குனிந்து காதை வைத்தேன். எஞ்சின் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மெத்தையைத் தூக்கிக் கீழே இருந்த பிளைவுட்டில் கையை வைத்தேன். சூடாக இருந்தது. எல்லா இடத்திலும் இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடத்தில் மட்டும், இஸ்திரி போட்டு எடுத்த துணி போல.

முன்னால் போய் அவரிடம் சொன்னேன்.

"வெயில்ல நின்ன வண்டி சுடத்தாம் செய்யும். கீழ சைலன்சர் போவுதுல்லா" என்றார்.

சைலன்சர் வண்டியின் அந்தப் பக்கம் போகவில்லை என்பதை வீட்டுக்கு வந்ததும் குனிந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேறு காரணம் சொல்வார் என்று தோன்றியது.

அடுத்த வாரத்தில் இரண்டு தடவை பேட்டரி இறங்கிவிட்டது. வண்டியை ஓட்டவே இல்லை, விளக்கு எதையும் போடவில்லை. மூன்றாம் நாள் சாவியைத் திருப்பினால் உயிரே இல்லை. பேட்டரி பழசு என்று சொல்லி அவர் புதிதாக ஒன்று மாட்டினார். அதுவும் நாலாவது நாள் படுத்துவிட்டது. ஒரு மத்தியானம் வண்டி நின்றபடி இருக்கும்போது உள்ளே போய்ச் சும்மா உட்கார்ந்தேன். எஞ்சின் ஓடாததால் இப்போது எனக்கும் கேட்டது. டிக். கொஞ்ச நேரம் அமைதி. மறுபடியும் டிக். யாரோ கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு நகத்தால் தட்டுவது போல.

பயப்பட எனக்குக் காரணம் இருந்தது. எட்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் கம்பெனிக்குப் பக்கத்தில் கட்டிங் வேஸ்ட் துணியை அடைத்து வைக்கும் குடோன் எரிந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு சுவிட்சிலிருந்து பிடித்த தீ என்றார்கள். முதலில் பார்த்தபோது கதவிடுக்கில் ஒரு நூல் அளவுக்குத்தான் புகை. காவலுக்கு இருந்தவர் சாவியை எடுக்க ஓடினார். அவர் திரும்பி வருவதற்குள் ஓடு வெடிக்கும் சத்தம் கேட்டது. உள்ளே ஆள் இல்லாததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சாவியை எடுத்துக்கொண்டு வரும் நேரத்துக்குள் எவ்வளவு நடந்துவிடும் என்பது என் மனசில் தங்கிவிட்டது. எங்கள் மகளைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். வேனின் பின்கதவை அலமாரி வைத்து அடைத்திருந்தார்கள். இறங்க ஒரே வழி பக்கவாட்டுக் கதவு. அதுவும் பாதியில் சிக்கும்.

அவளை வண்டிக்குள் விடாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவளுக்கு அந்த வண்டி பிடித்துப்போயிருந்தது. எங்கள் வீட்டு ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து இருக்கும். வண்டியின் ஜன்னலில் தெரு முழுக்கத் தெரிந்தது. காலையில் அவர் வேலைக்குப் போகுமுன் இரண்டு பேருமாக அவளைத் தூக்கி வண்டிக்குள் படுக்கவைத்துவிட்டால் போதும், அங்கேயே பிசிறு வெட்டிக்கொண்டு, போகிற வருகிறவர்களோடு பேசிக்கொண்டு பொழுதைக் கழிப்பாள். இருபத்தொரு வருடத்தில் அவளுக்கென்று கிடைத்த தெரு அது. அதைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரு நாள் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு, கட்டில் பக்கவாட்டில் இருந்த பலகையை நானே கழற்றினேன். உள்ளே எட்டிப் பார்த்தேன். வயர்கள் கொத்துக் கொத்தாகக் கிடந்தன. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், கறுப்பு. சிலது வீட்டு வயர், சிலது வண்டி வயர், ஒன்று மைக் செட் வயர் மாதிரி. பாதி வயர்கள் எங்கோ போய் வெட்டப்பட்டு முனை சுருண்டு தொங்கின. எல்லாவற்றுக்கும் நடுவே கட்டை விரல் தடிமனில் ஒரு சிவப்பு வயர், முன்பக்கத்திலிருந்து வந்து கட்டிலுக்கு அடியில் இன்னொரு பலகைக்குப் பின்னால் மறைந்தது. வழியில் ஓர் இடத்தில் அதை ஒட்டுப் போட்டிருந்தார்கள். ஒட்டின் மேல் டேப் இல்லை. பனியன் துணியைக் கிழித்துச் சுற்றி, நூலால் கட்டியிருந்தார்கள். துணி பழுப்பேறி, நடுவில் கறுத்திருந்தது. பிளைவுட் சுட்டது சரியாக அந்த இடத்துக்கு மேலேதான்.

பல்லடம் ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு வண்டி எலக்ட்ரிக் வேலை செய்கிற ஒருவரைக் கூட்டிவந்தேன். நாற்பது வயது இருக்கும், அமைதியான ஆள். டார்ச் அடித்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"அக்கா, இது ஒருத்தரு செஞ்ச வேலை இல்லீங்க. மூணு பேராச்சும் கை வெச்சிருக்கறாங்க. ஒருத்தரு செஞ்சது இன்னொருத்தருக்குத் தெரியாது. அந்தச் செவப்பு வயருக்கு ஃபியூசே காணமுங்க. எங்க போவுதுன்னு முழுசாப் பிரிச்சாத்தான் தெரியும்."

"இன்னைக்கே பிரிச்சிர முடியுமா?"

"புதங்கெழம வரைக்கும் கோழி ஏத்தற வண்டிங்க வேலை கெடக்குதுங்க. அதுவரைக்கும் பேட்டரியோட மைனஸைக் கழட்டிப் போட்டுருங்க. வண்டில கரண்டே இருக்காது." தன் பையிலிருந்து ஒரு டெஸ்ட் லேம்ப்பை எடுத்துக் கொடுத்தார். ஒரு கிளிப், ஒரு ஊசி, நடுவில் சின்ன பல்பு. "கிளிப்பை வண்டி இரும்புல மாட்டிட்டு, ஊசியச் செவப்பு வயர்ல வெச்சுப் பாருங்க. எரியலீன்னா பயமில்லை."

"எரிஞ்சா?"

"பேட்டரியக் கழட்டுன பொறவு எப்படிங்க எரியும்? எரியாதுங்க."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தும் ஷிப்மெண்ட் அவசரம் என்று என் கணவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். காலையில் மகளை வண்டிக்குள் படுக்கவைத்துவிட்டு அவர் போய்விட்டார். பத்து மணி இருக்கும். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போய்ப் பேட்டரியின் மைனஸைக் கழற்றி, திரும்பவும் ஒட்டாதபடி ஒரு ரப்பர் துண்டைச் சுற்றி ஒதுக்கி வைத்தேன். உள்ளே விளக்குச் சுவிட்சைத் தட்டிப் பார்த்தேன். எரியவில்லை. விசிறி ஓடவில்லை. சரி, வண்டியில் உயிர் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"நான் இருக்கலாம்ல?" என்று மகள் கேட்டாள்.

"இரு. ஒரு நிமிசம், இதை மட்டும் பாத்துக்கிடுதேன்."

அவள் படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தேன். கட்டிலின் இரும்புச் சட்டத்தில் கிளிப்பை மாட்டினேன். ஒட்டில் ஊசி படுவதற்காக அந்தப் பனியன் துணியைக் கட்டியிருந்த நூலை அறுத்து, சுற்றைப் பிரித்தேன். துணி உள்ளே பொடிப் பொடியாக உதிர்ந்தது. உள்ளே இருந்த செம்பு பச்சையாகப் பூத்திருந்தது. ஊசியை வைத்தேன்.

பல்பு எரிந்தது.

கையை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தேன். எரிந்தது. மங்கலாக, மஞ்சளாக, ஆனால் நிச்சயமாக எரிந்தது. முன்னால் போய்ப் பார்த்தேன். பேட்டரியின் மைனஸ் நான் ஒதுக்கி வைத்தபடியேதான் இருந்தது. கழற்றிப் போட்ட பேட்டரியிலிருந்து எப்படிக் கரண்ட் வரும்? எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று என் மகளுக்குக் கீழே உயிரோடு இருக்கிறது என்பது மட்டும் புரிந்தது.

எலக்ட்ரீஷியனுக்கு போன் போட்டேன்.

"பேட்டரியக் கழட்டிட்டேன். ஆனா லேம்ப் எரியுது."

அந்தப் பக்கம் அவர் செய்துகொண்டிருந்த வேலையின் சத்தம் நின்றது. பிறகு, "அக்கா, உள்ள இன்னொரு பேட்டரி இருக்குதுங்க. எதையும் தொடாதீங்க. பாப்பாவ மொதல்ல எறக்குங்க" என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் சடசடவென்று சத்தம் கேட்டது. திரும்பினேன். துணி பிரிந்ததும் அந்தத் தடித்த வயர் தன் இறுக்கத்தில் விலகி, ஒட்டுப் போட்ட செம்பு கட்டிலின் இரும்புச் சட்டத்தில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளையாகப் பொறி தெறித்தது. வயரின் மேலிருந்த சிவப்பு பிளாஸ்டிக் நெளிந்து புகை விட்டது. கீழே உதிர்ந்து கிடந்த பனியன் துணியின் ஓரம் சிவந்தது. அதே நூல் அளவுப் புகை.

கட்டிலின் தலைமாட்டில் வெட்ட வேண்டிய பனியன்கள் இரண்டு பண்டல் இருந்தன.

"அம்மா" என்றாள் மகள். சத்தமாக இல்லை. இருமினாள்.

எனக்கு அவளைத் தனியாகத் தூக்க வராது. இருபது வருடமாக வராது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுடைய போர்வையை இரண்டு பக்கமும் பிடித்துச் சுருட்டி அவளைக் கதவுப் பக்கம் இழுத்தேன். அவளும் இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்துத் தள்ளினாள். இரும்பில் கை வைக்காதே என்று கத்தினேன். அவள் கையை எடுத்து அலமாரியைப் பிடித்துக்கொண்டாள். கதவு பாதியில் சிக்கியது. தோளால் இடித்துத் திறந்தேன். மாடியில் குடியிருக்கிற பீகார்க்காரப் பெண் துணி காயப்போட வந்தவள், புகையைப் பார்த்துவிட்டுப் படியில் ஓடிவந்தாள். எங்கள் கம்பெனியில் பேக்கிங்கில் இருப்பவள்.

"அக்கா, நீங்க தலை. நான் கால் பிடிக்குது" என்றாள்.

இரண்டு பேருமாக இறக்கித் தெருவின் எதிர்ச் சுவரோரம் கிடத்தினோம். மகளின் உதடு வெளுத்திருந்தது. கால், முதுகு, கை எல்லாம் தடவிப் பார்த்தேன். காயம் இல்லை. இடுப்புக்குக் கீழே சுட்டாலும் அவளுக்குத் தெரியாது என்பதால் இரண்டு தடவை பார்த்தேன்.

கீழே விழுந்திருந்த போனிலிருந்து எலக்ட்ரீஷியன் கத்திக்கொண்டே இருந்தார். எடுத்தேன்.

"பாப்பா எறங்கிட்டாங்களா? அப்ப ரப்பர் செருப்பக் கையில புடிச்சு அந்த வயர இரும்புல இருந்து தட்டி விடுங்க. கையால வேண்டாம். தட்டுன பொறவு தண்ணி ஊத்துங்க."

மறுபடியும் உள்ளே போக எனக்குத் தைரியம் இருந்தது என்று சொன்னால் அது பொய். அந்தப் பெண் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள், போகாதே என்று. வண்டி எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டி நின்றது. மேலே அவளுடைய வீடு. அவளுடைய கைக்குழந்தை மாடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அதனால் போனேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு செருப்பால் அடித்தேன். முதல் அடியில் விலகவில்லை, செம்பு இரும்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது அடியில் விட்டது. பொறி நின்றது. அந்தப் பெண் நீட்டிய குடத்துத் தண்ணீரைக் கட்டிலுக்கு அடியில் முழுக்க ஊற்றினேன். இன்னொரு குடம். இன்னொன்று. புகை அடங்கிய பிறகும் ஊற்றிக்கொண்டே இருந்தேன். அவள்தான் குடத்தை என் கையிலிருந்து வாங்கினாள்.

எலக்ட்ரீஷியன் கோழி வண்டி வேலையை அப்படியே போட்டுவிட்டு ஒரு மணி நேரத்தில் வந்து சேர்ந்தார். என் கணவரும் வந்தார். நனைந்த கட்டிலைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, பின்னால் இருந்த பலகையை உடைத்தார்கள். சக்கரத்துக்கு மேலே ஒரு தகரப் பெட்டிக்குள் பெரிய பேட்டரி ஒன்று இருந்தது, வீட்டு இன்வெர்ட்டருக்கு வைப்பது போல. பக்கவாட்டில் வீங்கி, முனைகளில் வெள்ளையாக உப்புப் பூத்து, சாகப் பிழைக்கக் கிடந்தது. டிக் டிக் என்றது அதன் பக்கத்தில் இருந்த ஒரு ரிலே சுவிட்ச். முன்னால் இருக்கும் பேட்டரியிலிருந்து இதற்குக் கரண்ட் ஏற்றுவதற்காக வைத்தது, பழுதாகி, தானாக ஒட்டிக்கொண்டும் விலகிக்கொண்டும் இருந்திருக்கிறது. இந்தச் செத்த பேட்டரிதான் முன்னால் இருந்த பேட்டரியை மூன்று நாலு நாளிலேயே உறிஞ்சியிருக்கிறது.

எலக்ட்ரீஷியன் தரையில் இருந்த ரப்பர் விரிப்பையும் புரட்டினார். தரைத் தகரத்தில் நாலு மூலைக்கு நாலு போல்ட் ஓட்டைகள். ஆறடிக்கு இரண்டடி. நடுவில் தண்ணீர் வெளியேற ஒரு ஸ்டீல் குழாய் தரையைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கியிருந்தது. அவர் குந்தி உட்கார்ந்து குழாயின் வாயில் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு என் கணவரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, இது முன்னால என்ன வண்டிங்க?"

என் கணவர் குனிந்து, புரட்டிய விரிப்பைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"தெரிஞ்சுதான் வாங்குனீங்களா?"

"ஃப்ரீசர் பொட்டி வண்டி" என்றார் என் கணவர்.

எனக்கு முதலில் புரியவில்லை. ஐஸ்கிரீம் வண்டி என்று நினைத்தேன். பிறகு அந்த ஆறடிக்கு இரண்டடியைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து பிணத்தைக் குளிர்ப்பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுபோகும் வண்டி. பெட்டி ஓடுவதற்குத்தான் அந்த இரண்டாவது பேட்டரி. அதற்குப் பிறகு வாங்கியவர்கள் பெட்டியை எடுத்துவிட்டுக் கட்டிலைப் போட்டிருக்கிறார்கள். பேட்டரியை எடுக்காமல் பலகை அடித்து மூடிவிட்டார்கள். பெட்டி இருந்த அதே இடத்தில், அதே திசையில் என் மகள் இரண்டு மாதம் தலை வைத்துப் படுத்திருந்தாள்.

எலக்ட்ரீஷியன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "மொதல்லயே சொல்லீருந்தீங்கன்னா நான் ரெண்டாவது பேட்டரியத் தேடியிருப்பனுங்கண்ணா. அக்காளத் தனியா லேம்ப் வெக்கச் சொல்லியிருக்க மாட்டனுங்க." அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால் இன்னும் கஷ்டமாக இருந்தது.

எலக்ட்ரீஷியன் போன பிறகு வீட்டுக்குள் வந்து கணவரிடம் கேட்டேன்.

"ஏன் எங்கிட்ட சொல்லாம இருந்தீய?"

"சொன்னா நீ ஏத்த விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன்."

"அதான்" என்றார். தலையைக் கவிழ்ந்தே உட்கார்ந்திருந்தார். "வேற வண்டி நமக்கு எங்கட்டி கெடைக்கும். பிள்ளைய ஒரு தடவையாவது ஊருக்குக் கூட்டிட்டுப் போணும்னு நெனச்சேன். வயர்ல இப்படி இருக்கும்னு நெனைக்கல."

திட்டுவதற்கு என்னிடம் நிறைய இருந்தது. ஆனாலும் அங்கிருந்து எழுந்து மகளிடம் போனேன். சுவர்தான் நடுவில், எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"வண்டிய வித்துருவோம்" என்றேன்.

"எதுக்கு?"

"அதுல யாரெல்லாம் போயிருக்காங்கன்னு கேட்டல்லா?"

"அவங்களும் உக்காந்து போக முடியாதவங்கதானம்மா. படுத்துட்டுப் போனாங்க. எனக்கும் அப்படித்தான் போகணும்." பிறகு, "எனக்கு வயர்தான் பயம். அதை மட்டும் எடுத்துருங்க" என்றாள்.

ஒரு மாதம் நான் அந்த வண்டியின் பக்கமே அவளைக் கொண்டுபோகவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆனால் காலையில் பால்காரர் பெல் சத்தம் கேட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டே தலையைத் தூக்குவாள். அதைப் பார்க்க முடியாமல் நான் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். ஒரு வயர் விடாமல் எடுக்க வேண்டும், எடுக்கும்போது நான் பக்கத்தில் இருப்பேன் என்று சொல்லியிருந்தேன். அவர் ஒவ்வொரு வயரையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கையால் பிடித்துக்கொண்டே போவார். மறுமுனையில் நான் நின்று, வந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் வெட்டுவார். மஞ்சள் வயர் முன்பக்கக் கம்பிக்குப் பின்னால் இருந்த சைரனுக்குப் போனது. சோதிக்கப் பேட்டரியை மாட்டியிருந்ததால், அதை வெட்டுமுன் முனை எதிலோ உரசி, தெருவே அலறும்படி ஒரு கத்து கத்தியது. பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் தண்ணீர் கொடுத்து, நான் எழுந்திருக்கும் வரை காத்திருந்தார்.

எல்லாம் எடுத்த பிறகும் ஒரு வயர் மிச்சம் இருந்தது. சாம்பல் நிறத்தில், மெலிசாக, கூரையின் இரண்டு தகரத்துக்கு நடுவே போயிருந்தது. இழுத்தால் வரவில்லை. மறுமுனை எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கூரையைப் பிரித்தால்தான் முடியும் என்றார்.

"இதுல ஒண்ணும் இல்லீங்க்கா. மூணு தடவ லேம்ப் வெச்சுப் பாத்துட்டனுங்க. செத்த வயருங்க."

"எரியாதுன்னுதான் அன்னைக்கும் சொன்னீங்க" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. அந்த முனையை மடக்கி, டேப் சுற்றி, ரப்பர் குழாய் ஒன்றையும் மாட்டிவிட்டார். பிறகு நாலாவது தடவையாக லேம்ப்பை வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். எரியவில்லை. அவரிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் என்னை ஏமாற்றியவர் அல்ல, அவருக்கும் தெரியாது. ஆனால் அந்தச் சாம்பல் வயர் கூரையில் எந்த இடத்தில் போகிறது என்று இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு என்னால் காட்ட முடியும்.

புதிதாக நாலே வயர் போட்டார். இரண்டு விளக்கு, ஒரு விசிறி, போன் சார்ஜ் போட ஒரு பாயிண்ட். ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ். கேஸ் அடுப்பு வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். பின்கதவை அடைத்திருந்த அலமாரியை என் கணவர் கழற்றி எறிந்தார். கதவை உள்ளேயிருந்து திறக்க ஒரு நாடா கட்டி, மகள் படுத்தபடியே இழுக்கும் உயரத்தில் தொங்கவிட்டார். கட்டிலைத் திருப்பிப் போட்டு, கால்மாட்டிலிருந்து தெருவுக்கு இறங்க வழுவழுப்பான ஒரு பலகையும் செய்தார். அதை அவர் யாரும் சொல்லாமல், தானாக, நாலு சாயங்காலம் உட்கார்ந்து இழைத்தார்.

ஞாயிறுதோறும் காலையில் பழகினோம். நான் வெளியே நின்று, "புகை" என்று சொல்ல வேண்டும். அவள் நாடாவை இழுத்து, கதவைத் தள்ளி, பலகையை வெளியே தரைக்குச் சாய்த்து, கைகளை ஊன்றி ஊன்றிப் பலகையில் சரிந்து கீழே வர வேண்டும். முதல் தடவை பாதியில் மாட்டிக்கொண்டு அழுதாள். மாடி வீட்டுப் பெண் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பாள். ஐந்தாவது வாரம் மகள் யார் உதவியும் இல்லாமல் கீழே வந்து சேர்ந்தாள். உள்ளங்கை தோல் வழன்றிருந்தது.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு காலையில் கிளம்பினோம். திண்டுக்கல் வரை நான் அவள் பக்கத்திலேயே, தரையில் உட்கார்ந்து வந்தேன். மூக்கு எந்நேரமும் வாசனை பிடித்துக்கொண்டே இருந்தது. வெளியே யாரோ குப்பை எரித்த வாசனைக்கு இரண்டு தடவை வண்டியை நிறுத்தச் சொன்னேன். அவர் நிறுத்தினார், இறங்கினார், குனிந்து பார்த்தார், ஏறினார்.

விருதுநகர் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தியபோது நான் பாத்ரூம் போக வேண்டியிருந்தது. அவர் டயருக்குக் காற்று பிடிக்கக் குழாயை எடுத்துவரப் போயிருந்தார். அவளைத் தனியாக வண்டிக்குள் விட்டு நான் போகும் முதல் தடவை.

"போயிட்டு வாங்கம்மா. நான் எங்க போகப் போறேன்" என்றாள்.

போனேன். முகம்கூடக் கழுவவில்லை. திரும்பி வந்து பார்க்கிறேன், வேனின் பின்கதவு விரியத் திறந்து கிடக்கிறது. பலகை தரைக்குச் சாய்ந்து கிடக்கிறது. கட்டில் காலி.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. செருப்பு ஒன்று வழியிலேயே கழன்றுவிட்டது. புகை இல்லை, வாசனை இல்லை என்று மூக்கு சொல்லியும் மனசு கேட்கவில்லை. வண்டியைச் சுற்றிக்கொண்டு போனேன். பின்சக்கரத்தின் நிழலில், வெறுந்தரையில் முழங்கையை ஊன்றிப் படுத்திருந்தாள். எதிரே வெட்டவெளியில் வெள்ளாட்டுக் கூட்டம் ஒன்று கருவேலங்காயைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தது.

"என்னட்டி ஆச்சு? எதுக்கு எறங்குன?"

"ஒண்ணும் ஆகலம்மா. ஆட்டப் பாக்கலாம்னு எறங்குனேன்."

பயத்தில் அவள் தோளில் ஓர் அடி வைத்துவிட்டேன். அவளை நான் அடித்தது அதுதான் முதல் தடவை. அவள் கோபப்படவில்லை. தோளைத் தடவிக்கொண்டு மறுபடியும் ஆடுகளையே பார்த்தாள். என் கணவர் காற்றுக் குழாயைப் போட்டுவிட்டு ஓடிவந்து, எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, போய் என் செருப்பை எடுத்துவந்து காலடியில் வைத்தார். நான் அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன். ஆட்டுக்காரர் தூரத்திலிருந்து, "வண்டி ரிப்பேருங்களா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே" என்று மகள் பதில் சொன்னாள். "ஊருக்குப் போறோம்."